படிக்கட்டுக்கு அடியில் இரண்டு வாளி

எனக்கு நன்றி சொல்ல வராது. திட்டச் சொன்னால் மூச்சுவிடாமல் திட்டுவேன். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். மிதித்த நாளிலிருந்து, இவரால் படித்தாய், அவரால் படித்தாய், நன்றியோடு இரு என்று ஆளாளுக்குச் சொல்லிச் சொல்லி அந்த வார்த்தையே எனக்குக் கசந்துவிட்டது. ஃபீஸ் கட்டியது அம்மாவின் இஸ்திரிப் பெட்டி. மார்க் வாங்கியது நான். நடுவில் மூன்றாவது ஆளுக்கு என்ன பங்கு என்று கேட்டு, பெரியப்பாவிடம் ஒரு வருடம் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்திருக்கிறேன். அப்படிப்பட்ட நான் ஒருத்திக்கு நன்றி சொல்ல உட்கார்ந்திருக்கிறேன் என்றால், விஷயம் சின்னது இல்லை.

ஏரிக்கரையில் பாசனத் துறைக்கு ஒரு சோதனைக்கூடம் இருக்கிறது. இரண்டு அறை, ஒரு மாடிப்படி, முப்பத்தாறு கண்ணாடி ஜாடி. என் வேலை நத்தையைக் கொல்வது. யாரோ வீட்டுத் தொட்டியில் அழகுக்கு வளர்த்த வெளிநாட்டு நத்தை. போரடித்ததும் ஏரியில் கொட்டிவிட்டார்கள். அது எலுமிச்சம்பழ அளவுக்கு வளர்ந்து, தண்டுக்குத் தண்டு ரோஸ் நிறத்தில் முட்டைக் கொத்து ஒட்டி, இரண்டு பாசன வாய்க்கால் வழியாக வயலுக்குப் போய், நட்ட நாற்றை மறுநாளே மொட்டையடித்தது. போன பருவத்தில் மூன்று முறை நட்டவர்கள் உண்டு. மருந்து விடுங்கள் என்று அவர்கள் கேட்டது நியாயம்.

ஆனால் அதே இரண்டு வாய்க்காலின் மணலில்தான் எங்கள் கறுப்புச் சிப்பி இருக்கிறது. உள்ளங்கை நீளம், பார்த்தால் கூழாங்கல் மாதிரி இருக்கும். நாள் முழுக்கத் தண்ணீரை இழுத்து வடிகட்டி விட்டுக்கொண்டிருக்கும். சுற்று வட்டாரத்தில் மற்ற எல்லா இடத்திலும் அது போய்விட்டது. மிச்சம் இந்த இரண்டு வாய்க்கால்தான். இங்கேயும் போனால் போனதுதான்.

ஆக, நத்தை சாக வேண்டும், சிப்பி பிழைக்க வேண்டும். அந்த அளவு எவ்வளவு என்று கண்டுபிடித்துத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டியது நான்.

நத்தை ஒரு திருட்டு ஜென்மம். மருந்து பட்டதும் ஓட்டுக்குள் போய் மூடியைச் சாத்திக்கொண்டு செத்த மாதிரி கிடக்கும். நம்பித் தூக்கிப் போட்டால் இரண்டு நாளில் எழுந்து நடக்கும். அதனால் மருந்தில் நாற்பத்தெட்டு மணி நேரம் வைத்த பிறகு, நல்ல தண்ணீரில் மேலும் ஒரு நாள் வைத்து, ஊசியால் குத்திப் பார்த்து, அசையாவிட்டால்தான் செத்தது என்று எழுதுவேன். சிப்பிக்கு அந்த வம்பெல்லாம் இல்லை என்று நினைத்தேன். செத்த சிப்பி வாயைப் பிளந்துவிடும். மூடியிருந்தால் உயிரோடு இருக்கிறது. நாற்பத்தெட்டாவது மணியில் பார்த்தேன். மருந்து ஜாடியில் போட்ட இருபது சிப்பியும் இறுக மூடியிருந்தன. 'சிப்பி: இருபதும் உயிருடன்' என்று எழுதினேன்.

திங்கட்கிழமை சாயங்காலம் அளவுத் தாளில் கையெழுத்துப் போட்டேன். வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதத்தில், என் கையெழுத்தை வைத்து ஒரு காரியம் நடக்கப்போவது அதுதான் முதல் தடவை. அம்மாவுக்குப் படமெடுத்து அனுப்பினேன். படிக்கத் தெரியாவிட்டாலும் என் கையெழுத்தின் சுழி அவளுக்குத் தெரியும். ராத்திரிக்குள் அதைப் போன் திரையில் வைத்துவிட்டாள். இஸ்திரிக்குத் துணி கொண்டுவந்தவர்கள் எல்லோரும் நத்தை மருந்தின் அளவைப் பார்த்துவிட்டுத்தான் போனார்களாம்.

இனி குழாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜாடி கழுவி, தரை துடைத்து, கழிவு கொட்டுகிறவள். என் வயதுதான். திறந்தால் நிற்காமல் பேசுவாள் என்று டிரைவர் வைத்த பெயர் அது. அவளும் அதற்குத் திரும்பிப் பார்ப்பாள். என்னை மட்டும் மேடம் என்பாள்.

"என்னை மேடம்னு கூப்பிடாதன்னு எத்தன தடவ சொல்றது?"

"சரி மேடம்."

எங்களுக்குள் ஆகாது. காரணம் நான்தான். மூன்று மாதத்துக்கு முன்னால், சோதனையில் பிழைத்த நத்தைகளைக் கொல்லாமல் ஒரு வாளியில் போட்டு மாடிப்படிக்கு அடியில் வைத்திருந்தாள். பிழைத்தது எதுவானாலும் சரி, சோதனை முடிந்த அன்றைக்கே ப்ளீச்சில் போட வேண்டும் என்பது விதி. பல ஜாடி நத்தைகளைக் கலந்து வேறு வைத்திருந்தாள். எனக்கு மண்டை சூடாகிவிட்டது.

"இது தப்பிச்சு ஏரிக்குப் போனா யாரு பதில் சொல்றது? எந்த ஜாடியோடது எதுன்னுகூட தெரியாம கலந்து வெச்சிருக்க! ஒட்டி வெச்ச சீட்டு கண்ணுக்குத் தெரியலையா?"

"உயிரோட இருக்கே மேடம். மனசு வரல."

"மனசெல்லாம் வீட்டுல வெச்சுட்டு வா."

சொன்னதோடு விடவில்லை. எழுத்தில் புகார் கொடுத்தேன். இன்னொரு தடவை இப்படி நடந்தால் வேலை கிடையாது என்று இயக்குநர் கையெழுத்துப் போட்டு அவளிடம் ஒரு நகல் கொடுத்தார். அன்றிலிருந்து என்னிடம் குழாய் சொட்டுகூட விடுவதில்லை. நானும் நிம்மதி என்றுதான் நினைத்தேன்.

வியாழக்கிழமை காலை. மறுநாள் விடியற்காலையில் மருந்து விடுவதாக ஏற்பாடு. வாய்க்கால்களின் இரண்டு பக்கமும் அடைத்து, மீன்களை வலை போட்டு எடுத்து, தண்ணீரைக் கெண்டைக்கால் அளவுக்கு வடித்தாகிவிட்டது. மருந்து டிரம் ஏற்றிய லாரி கரையில் நின்றது. நான் தேநீர் கப்போடு உட்கார்ந்திருந்தேன். குழாய் கதவருகே வந்து நின்றாள். துடைப்பம் கையில் இல்லை.

"ஒண்ணு சொல்லணும். கேட்டுட்டு கத்துங்க. நடுவுல கத்தாதீங்க."

"சொல்லு."

"திங்கட்கிழமை நீங்க முடிச்ச சிப்பிய நான் ப்ளீச்சுல போடல. படிக்கட்டுக்கு அடியில வெச்சிருக்கேன்."

கப்பை மேசையில் வைத்தேன். "உனக்கு என்ன, பட்டும் புத்தி வரலையா? அந்த லெட்டர்ல என்ன எழுதியிருக்குன்னு…"

"நடுவுல கத்தாதீங்கன்னு சொன்னேன்ல?" என்றாள். கதவருகிலிருந்து ஆள் நகரவில்லை. "நத்தைன்னா தப்பிச்சா ஆபத்து, ஒத்துக்கறேன். போட்டுக் கொன்னுட்டேன். இது நம்ம ஊரு சிப்பிதானே? நீங்களே உயிரோட இருக்குன்னு எழுதியிருக்கீங்க. உயிரோட இருக்கறதக் கொண்டுபோயி ப்ளீச்சுல எப்படிப் போடறது? ரெண்டு நாள் ஓரமா இருந்தா என்ன குடி முழுகிடும்னு வெச்சேன்."

"சரி. இப்ப என்ன?"

"நாறுது."

மாடிப்படிக்கு அடியில் பழைய விளம்பரப் பலகை ஒன்றைச் சாய்த்து வைத்திருந்தாள். அதை நகர்த்தியதும் வாடை முகத்தில் அறைந்தது. உள்ளே இரண்டு வாளி. நீல வாளியில் பதினெட்டுச் சிப்பி வாயைப் பிளந்து கிடந்தன. உள்ளே சதை கரைந்து தண்ணீர் கலங்கியிருந்தது. மூடியிருந்த இரண்டில் ஒன்றை எடுத்தேன். விரல் பட்டதும் தளர்ந்து திறந்துகொண்டது.

தப்பு என்னுடையது என்று எனக்கு உடனே தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது இவள் கொன்றுவிட்டாள் என்பதுதான்.

"அழுக்கு வாளி. தண்ணிய மாத்தியிருக்க மாட்ட. மூச்சு முட்டிச் செத்திருக்கு."

"காலையில ஒரு தடவ, சாயங்காலம் ஒரு தடவ மாத்தினேன். சரி, அப்படியே வெச்சுக்கோங்க. அப்ப இது ஏன் சாகல?"

சிவப்பு வாளியை முன்னால் இழுத்தாள். அதிலும் இருபது சிப்பி. சில லேசாகத் திறந்து, வெள்ளை நாக்கு மாதிரி காலை நீட்டி வாளியின் அடியைத் தடவிக்கொண்டிருந்தன. நான் குனிந்ததும் நிழல் பட்டு டப் டப்பென்று மூடிக்கொண்டன. வாளியின் மேல் ஒட்டியிருந்த சீட்டு என் கையெழுத்தில்தான் இருந்தது. 'மருந்து இல்லாத ஜாடி.' ஒப்பிட்டுப் பார்க்க நான் வைத்தது. நீல வாளியின் சீட்டில் 'மருந்து ஜாடி.' ஜாடியிலிருந்து உரித்து வாளியில் ஒட்டியிருக்கிறாள்.

"தனித்தனியாவா வெச்ச?"

"பின்ன? கலந்தேன்னு அன்னைக்கு ஊரைக் கூட்டினீங்களே. ரெண்டுக்கும் ஒரே குழாய்த் தண்ணி, ஒரே நேரத்துல மாத்தினது. இப்ப நான் கொன்னேனா, மருந்து கொன்னுச்சா? நீங்க படிச்சவங்க, நீங்களே சொல்லுங்க."

மருந்துதான். முதல் நாள் மருந்து பட்டதும் சிப்பியும் நத்தை செய்ததையே செய்திருக்கிறது. வாயைப் பூட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் எத்தனை நேரம் மூச்சை அடக்கும்? நடுநடுவே திறந்திருக்கும், மருந்து உள்ளே போயிருக்கும். நான் பார்த்தபோது அவை மூடியிருந்தன, அவ்வளவுதான். வந்தேறி நத்தையைச் சந்தேகப்பட்டு ஒரு நாள் கூடுதலாக நிற்க வைத்துக் குத்திக் குத்திக் கேட்டேன். சொந்தச் சிப்பியிடம் கேட்கக்கூட இல்லை. நம்பிவிட்டேன்.

நாளைக்கு விடிந்தால் அந்தத் தாளை வைத்து, அந்த அளவில், இரண்டு வாய்க்காலிலும் மருந்து. நாலு நாள் கழித்து மணல் முழுக்க வாய் பிளந்த சிப்பி. கீழே என் கையெழுத்து. அந்தப் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"நீ வாயை மூடிட்டு இதைக் குப்பையில கொட்டியிருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காது" என்றேன். "சொன்னா வேலை போகும்னு தெரியும்ல?"

"தெரியும். நேத்தே நாலு பிளந்துடுச்சு. ராத்திரி பூரா யோசிச்சேன். உங்க மேல பிரியம்னு நினைச்சுக்காதீங்க."

"நினைக்கல."

"அப்ப எழுந்திரிங்க. லாரி நிக்குது."

இரண்டு வாளியையும் நாங்களே தூக்கிக்கொண்டு இயக்குநர் அறைக்குப் போனோம். அவர் மூக்கைப் பொத்தினார். நான் சுற்றி வளைக்கவில்லை.

"சார், நான் கையெழுத்துப் போட்டது தப்பு. இந்த அளவு சிப்பியைக் கொல்லும். நாளைக்கு மருந்து விடக்கூடாது."

பத்து நிமிடம் கத்தினார். கத்த வேண்டியதுதான். மருந்து விட்டபின் வாய்க்கால் ஏழு நாள் மூடியிருக்க வேண்டும். அதற்குள் வெயிலில் வீரியம் போய்விடும். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை அணைக் கதவு திறக்கும் என்று ஊருக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது. கணக்குப் போட்டால் எங்களுக்கு ஒரே ஒரு நாள்தான் கூடுதலாக இருந்தது. புதிதாகச் சோதனை செய்ய அது போதாது. மருந்தே வேண்டாம் என்றால் நாற்று நத்தைக்கு.

"இதை யாரு பார்த்தது?"

"இவதான்."

"இவங்க மேலதானே நீ புகார் கொடுத்த?"

"ஆமா சார். இப்பவும் விதியை மீறித்தான் வெச்சிருக்கா. மீறலைன்னா நாளைக்கு நம்ம கையால எல்லாம் செத்திருக்கும்."

அவர் சிவப்பு வாளிக்குள் எட்டிப் பார்த்தார். ஒரு சிப்பி டப்பென்று மூடியது. திடுக்கிட்டுப் பின்வாங்கினார்.

"நாலு நாளா வாளியிலயா இருக்கு?"

"தண்ணி மாத்தினா இருக்கு சார்" என்றாள் குழாய். "சோறா கேக்குது, தண்ணிதானே கேக்குது?"

அந்த வார்த்தைதான் வழியைக் காட்டியது. வாளியிலேயே நாலு நாள் தாங்குகிறது என்றால், வலைச் சாக்கில் போட்டு ஏரித் தண்ணீரில் கட்டித் தொங்கவிட்டால் பத்து நாள் தாங்காதா? ஏரிக்கு மருந்து போகாது. மருந்துக்கு முன்னால் சிப்பியை எல்லாம் வாய்க்காலிலிருந்து எடுத்துவிட்டால்? தண்ணீர் கெண்டைக்கால் அளவுதான். வேண்டியது ஆள், நிறைய ஆள். இயக்குநர் பதினோராவது நிமிடம் கத்துவதை நிறுத்திவிட்டுப் போனை எடுத்தார். அந்த மனிதரைப் பற்றி எத்தனையோ பேசியிருக்கிறேன். அந்த ஒரு மணி நேரத்துக்காக அதில் பாதியைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

விவசாயிகள் சங்கத்துச் செயலாளர் அம்மா மதியம் கரைக்கு வந்தார். இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நத்தைய எடுங்கன்னா சிப்பிய எடுக்கறேங்கறீங்க. நாளைக்குத் தவளைக்கும் வண்டி வெச்சு அனுப்புவீங்களா?"

"தப்பு என்னோடதுங்க. நாளைக்குப் பொழுது சாயறதுக்குள்ள எடுத்துட்டா சனிக்கிழமை காலையில மருந்து. உங்களுக்கு ஒரு நாளும் தள்ளாது."

"எடுக்கலைன்னா?"

"மருந்து விட நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

திட்டப்போகிறார் என்று நினைத்தேன். "தப்புன்னு வாயால சொல்ற ஆபீசர இப்பதான் பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முதல் ஆளாக இறங்கினார்.

வெள்ளிக்கிழமை அறுபத்திரண்டு பேர். தோளோடு தோள் வரிசையாக நின்று, செருப்பைக் கழற்றிவிட்டு, பாதத்தால் மணலைத் தடவிக்கொண்டே நகர்ந்தோம். சிப்பி பாதத்தில் தட்டும். குனிந்து எடுத்து வெங்காய மூட்டை கட்டுகிற வலைச் சாக்கில் போட வேண்டும். நான் புத்தகத்தில் படித்தபடி கட்டம் பிரித்துக் கயிறு கட்டினேன். குழாய் கயிற்றைக் கண்டுகொள்ளவே இல்லை.

"மேடம், உங்க கட்டத்துல மூணுதான். இந்தப் பக்கம், மதகு ஓரம் வாங்க, கொத்தா இருக்கு. நிழல் இருக்கற இடமா பார்த்து உக்காந்திருக்கு, ஆபீசருங்க மாதிரி."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் காலில் கண்ணாடித் துண்டு குத்தியபோது, என்னைத் திட்டிக்கொண்டே தன் துப்பட்டா ஓரத்தைக் கிழித்துக் கட்டினாள். "நீங்க விழுந்துட்டா கையெழுத்து யாரு போடறது?" என்றாள்.

பொழுது சாயும்போது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஏழு சிப்பி, சாக்குச் சாக்காக ஏரியில் தொங்கின. எல்லாவற்றையும் எடுத்துவிட்டோம் என்று சொல்ல மாட்டேன். கால் படாத இடத்தில் இருந்தவை போயிருக்கும், அது என் கணக்கில்தான். சனிக்கிழமை காலை மருந்து போனது. அடுத்த மூன்று நாளில் நத்தை கரையோரம் காலி ஓடாக ஒதுங்கியது. மிஞ்சிய முட்டைக் கொத்துகளைச் செயலாளர் அம்மாவின் ஆட்கள் சுரண்டி எடுத்தார்கள்.

அடுத்த வார ஞாயிற்றுக்கிழமை அணைக் கதவு திறந்து வாய்க்காலில் புதுத் தண்ணீர் ஓடியது. உடனே சிப்பியை விட நான் சம்மதிக்கவில்லை. பத்துச் சிப்பியை மட்டும் ஒரு சாக்கில் போட்டு வாய்க்காலில் கட்டினோம். இரண்டு நாள் கழித்து எடுத்து, நல்ல தண்ணீர் வாளியில் நாலு நாள் வைத்தோம். மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு எழுதுகிற வேலை இனி கிடையாது. ஐந்தாம் நாள் விடிந்ததும் பத்துச் சிப்பியும் காலை நீட்டிக்கொண்டு வாளியின் அடியைத் தடவின. அப்புறம்தான் மற்றவற்றைக் கொண்டுபோனோம். சாக்கில் செத்தவை முப்பத்தொன்று. மிச்சத்தை ஒவ்வொன்றாக மணலில் வைத்தோம். ஒரு சிப்பி மெதுவாகத் திறந்து, காலை நீட்டி, மணலைக் குடைந்து, ஒரு ஆட்டு ஆட்டி நிமிர்ந்து புதைந்துகொண்டது. நாங்கள் இருவரும் வாய்க்காலில் நின்றபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

புகாரைக் கிழித்துப்போடுங்கள் என்று இயக்குநரிடம் கேட்டேன்.

"எண் போட்ட தாளைக் கிழிக்க முடியாது. வேணும்னா மேல இன்னொரு தாள் வை."

வைத்தேன். முதல் தாளைவிட இரண்டு மடங்கு நீளம். திருத்திய சோதனை அறிக்கையில் 'கவனித்தவர்' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் அவள் பெயரை எழுதியிருந்ததைப் பார்த்துப் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"சுத்தம் பண்றவங்க பேரு இதுல வரலாமா?"

"தப்பா கவனிச்ச என் பேரு வரலாம்னா, சரியா கவனிச்ச அவ பேரு வரலாம் சார்."

கையெழுத்துப் போட்டுவிட்டார். சிப்பியை வைத்துச் செய்யும் எந்தச் சோதனைக்கும் இப்போது கடைசியில் ஒரு வேலை கூடியிருக்கிறது: நல்ல தண்ணீரில் நாலு நாள், மருந்து ஜாடியில் இருந்ததும் மருந்து இல்லாத ஜாடியில் இருந்ததும் தனித்தனி வாளியில். இடம், மாடிப்படிக்கு அடியில். விளம்பரப் பலகையை எடுத்துவிட்டோம். அம்மாவிடம் நடந்ததை எல்லாம் சொன்னேன். போன் திரையில் இருந்த படத்தை மாற்றிவிடு, அது தப்பான தாள் என்றேன். "அடிச்சு எழுதின தாளையும் அனுப்பு. ரெண்டையும் வெச்சுக்கறேன்" என்றாள்.

எல்லாம் முடிந்த அன்று சாயங்காலம் முப்பத்தாறு ஜாடியும் கழுவாமல் கிடந்தன. குழாய் கையுறையை எடுத்தாள். நான் அதைப் பிடுங்கி மாட்டிக்கொண்டேன்.

"என்ன மேடம் இது?"

"உக்காரு."

ஸ்டூலை இழுத்துப் போட்டுக் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்தாள். ஒவ்வொரு ஜாடியையும் விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்தாள். மூன்றாவது ஜாடியைத் திருப்பிக் கொடுத்தாள்.

"அடியில கறை. இன்னொரு தடவ."

கழுவினேன். கழுவிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல், சொல்ல வேண்டியதைச் சொன்னேன்.

"தண்ணி சத்தத்துல ஒண்ணும் விழல" என்றாள்.

குழாயை மூடிவிட்டு, திரும்பி, அவள் முகத்தைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னேன். கையில் இருந்த ஜாடியைக் கவிழ்த்து வைத்தாள். புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"முதல் தடவையே விழுந்துச்சு" என்றாள். "சரி சரி, அடுத்த ஜாடிய எடுங்க. இன்னும் முப்பத்து மூணு இருக்கு."